கன்னியப்பன் முதுகில் போய்ப் பார்த்த கல்

ஆய்வு மாணவர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கால் விளங்காத ஒருவன் காடு மேடெல்லாம் சுற்றிக் கல்வெட்டுப் படித்து முனைவர் பட்டம் வாங்கினான் என்ற உருக்கமான கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். என்னைப் பற்றி அப்படி மேடையில் பேசியவர்கள் உண்டு. அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் சொல்லப்போவது ஆய்வேட்டில் நான் ஒரு பொய் எழுதிய கதை. அதை இதுவரை முழுதாக யாருக்கும் சொன்னதில்லை.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிப்போனது. அதற்கு இரும்புப் பட்டை வைத்த காலிபர், கக்கத்தில் ஒரு கட்டை. எங்கள் காலத்தில் நொண்டி என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். இப்போது நல்ல சொல் வந்திருக்கிறது, நல்லதுதான். அப்போது ரயிலில் எதிரில் உட்காருகிற எவரும் என் காலைப் பார்த்துவிட்டு, "புத்தூருக்குப் போயி ஒரு கட்டு போட்டுகினு வரலாமே தம்பி" என்பார்கள். "நான் புத்தூர்தாங்க" என்பேன். எலும்பு கட்டுகிறவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு. என்னைத் தூக்கிக்கொண்டு போன நைனாவிடம், காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எலும்பு சமாச்சாரம் இல்ல, என்னால ஆவாது" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டாராம். தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்வதில் எவ்வளவு தைரியம் இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் விளங்கியது.

ஆந்திர மாநிலம் பிரிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருப்பதியில் புதிய பல்கலைக்கழகம் வந்து, அதில் ஆய்வுக்குச் சேர்ந்தேன். இடைக்காலத்தில் இந்தப் பகுதி ஏரிகளை ஊர்ச்சபைகள் எப்படிப் பராமரித்தன என்பது என் தலைப்பு. கல்வெட்டுகள் தமிழில், பேராசிரியர் தெலுங்கில், ஆய்வேடு ஆங்கிலத்தில். சித்தூர் மாவட்டத்துக்காரனுக்கு இது ஒன்றும் புதிதில்லை என்பதால் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

என் வேலைமுறை எல்லோரையும் போன்றது அல்ல. கோயில் கல்வெட்டுகளில் பாதி அடித்தளத்தில், முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். நன்றாக இருப்பவர்கள் குனிந்து படிப்பார்கள், இடுப்பு வலிக்கும், கடைசி இரண்டு வரியை அவசரமாக முடிப்பார்கள். எனக்குக் குனியவும் முடியாது, குந்தவும் முடியாது. அதனால் காலிபரைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். படித்தபடியே பக்கவாட்டில் நகர்வேன். ஒரு நாளைக்கு ஆறடி நகர்ந்தால் அதிகம். கால்சட்டையின் பின்பக்கம் மாதத்துக்கு ஒருமுறை ஒட்டுப்போடப் போகும். "கோயிலையே தேச்சிட்டு வந்துடுவே போலக்குதே" என்று புத்தூர் தையல்காரர் கிண்டல் செய்வார். ஆனால் அப்படிப் படித்ததில் வரி தப்பாது. உட்கார்ந்து படிக்கிறவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டு ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். என் கால் தரையில் சரியாகப் பாவுவதே இல்லை என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் சமதளத்தில் இருக்கும் கோயில்களில் நடந்தது. படிக்கட்டு, பாறை, ஏரிக்கரைச் சரிவு என்றால் என் ஆட்டம் முடிந்துவிடும். அங்கெல்லாம் எனக்காகப் போனவன் என்னோடு ஆய்வு செய்த ஏர்பேட்டு நண்பன். நல்ல உடற்கட்டு, ஆட்டுக்குட்டி மாதிரி பாறையில் தாவுவான். கல்லின்மேல் ஈரத்தாளை வைத்துத் தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுத்தால் எழுத்து அப்படியே தாளில் வந்துவிடும், அதை மைப்படி என்போம். அவன் எனக்கு மைப்படி எடுத்துவருவான், நான் அவனுடைய கல்வெட்டுகளைப் படித்துக்கொடுப்பேன். இது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு.

முதல் தடவையே அவன், "ரா, நேனு எத்துகுண்ட்டானு" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வா, நான் தூக்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். நான் எரிந்து விழுந்தேன். பத்து வயதுவரை என்னை நைனாதான் பள்ளிக்கூடத்துக்கு முதுகில் சுமந்துகொண்டு போனார். வகுப்பு வாசலில் இறக்கிவிடும்போது மற்ற பிள்ளைகள் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. கட்டை ஊன்றி நடக்கப் பழகிய அன்று, இனி எவர் முதுகிலும் ஏறமாட்டேன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்று இப்போது சொல்வேன்.

இனி என் பொய். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் படித்த கல்வெட்டுகளின் பட்டியல் இருக்கும். அதில் ஒரு பத்தி: கல் நேரில் படிக்கப்பட்டதா, மைப்படியிலிருந்து படிக்கப்பட்டதா. நான் நேரில் போகாதவை ஐந்து கற்கள். ஐந்துக்கும் சேர்த்து "நேரில்" என்று தட்டச்சு செய்யக் கொடுத்தேன். மைப்படியிலிருந்து படித்தால் குற்றமில்லை, பெரிய பெரிய அறிஞர்கள் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் ஐந்து இடத்தில் "மைப்படி" என்று போட்டால், அந்த ஐந்தும் ஏற முடியாத இடங்கள் என்று பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். பட்டியலில் என் கால் தெரியும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஐந்தில் ஒன்று, நாகலாபுரம் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஏரியின் மதகில் இருந்த கல். மேட்டில் ஓர் ஊர், பள்ளத்தில் ஓர் ஊர், நடுவில் ஏரி. பெயரே மேலூர், கீழூர்தான். மேலூரில் பெரும்பாலும் தெலுங்குக் குடும்பங்கள், கீழூரில் தமிழ்க் குடும்பங்கள். ஏரித் தண்ணீர் அதன் கீழுள்ள வயல்களுக்குப் பாயவேண்டும் என்று ஊர்ச்சபை செய்த ஏற்பாட்டைக் கல் சொன்னது. ஏரியின் பெயர் இருந்த பகுதி உடைந்து போயிருந்தது. கல் எந்த ஏரியில் இருக்கிறதோ அந்த ஏரிதான், வயல்களும் கீழூர் வயல்கள்தான் என்று எடுத்துக்கொண்டு, மூன்றாம் அதிகாரத்தை முழுக்க அதன்மேல் கட்டியிருந்தேன். ஆய்வேட்டின் நல்ல அதிகாரம் அதுதான். புத்தூரில் ஒரு பள்ளி விழாவில் பேசக் கூப்பிட்டபோது, எழுநூறு ஆண்டுக்கு முன்பே கீழூருக்கு இந்தத் தண்ணீரில் உரிமை உண்டு என்று அந்தக் கல்லைப் பற்றி வாய் வலிக்கப் பேசிவிட்டும் வந்தேன்.

அது எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். எந்த ஊர் ஆந்திராவில், எந்த ஊர் சென்னை மாநிலத்தில் என்று கிராமம் கிராமமாகப் பேச்சு. டீக்கடைகளில் வரைபடம் தொங்கும். ஆய்வேடு தட்டச்சாகிப் பேராசிரியர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரம், கீழூரிலிருந்து ஒருவர் என்னைத் தேடித் திருப்பதிக்கு வந்தார். பெயர் கன்னியப்பன், நாற்பத்தைந்து வயது இருக்கும், விவசாயி. தோளில் துண்டு, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு மனு.

"எங்க ஊருக்கும் மேலூருக்கும் நடுவுல கோடு போடப் போறாங்களாம் சார். ஏரி ஒரு ஸ்டேட்டு, வயல் ஒரு ஸ்டேட்டு. அப்புறம் மதகு தொறக்கணும்னா எங்க போயி நிக்கறது? சித்தூருலயா, செங்கல்பட்டுலயா?" என்றார். விசாரணை அதிகாரி எட்டு நாளில் நாகலாபுரத்துக்கு வருகிறாராம். மனுவில் என் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். மேற்படி மதகுக் கல்லை நேரில் பார்வையிட்டுப் படித்த ஆராய்ச்சியாளர் என்ற முறையில், ஏரியில் கீழூருக்கு உள்ள பழைய உரிமையை நான் உறுதி செய்யவேண்டும்.

"நேர்ல பார்த்து படிச்சீங்கன்னு புத்தூருல சொன்னாங்க" என்றார்.

"ஆமாம்" என்றேன். பேனாவையும் திறந்துவிட்டேன்.

அப்போது அவர் என் கட்டையைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, வருத்தப்பட்டுப் பார்த்தார். "அந்தப் பாறை வழியில எப்பிடி சார் ஏறினீங்க? நான் ஊருலதானே இருக்கறேன், எனக்குத் தெரியாம போச்சே. ஒரு ஆளு ஒத்தாசைக்கு வரலியே. ஒரு சொம்பு மோரு கூட குடுக்காம அனுப்பிட்டோமே உங்கள" என்றார்.

என்னை யாராவது அதட்டிக் கேட்டிருந்தால் சாதித்திருப்பேன், அந்த வயதில் எனக்கு வாய் நீளம். அவர் தன் ஊர் செய்த குறை என்று நினைத்து வெட்கப்பட்டதைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவை மூடினேன்.

"நான் வந்ததே இல்லண்ணா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மைப்படியை எடுத்து விரித்துக் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டவர் கோபப்படவில்லை. "எழுத்து சரிதானே?" என்றார். சரிதான் என்றேன். "அப்போ என்னா? இப்ப வந்து ஒரு தபா பார்த்துட்டு போட்டுடுங்க. நான் தூக்கிகினு போறேன். நெல்லு மூட்டைய விடவா நீங்க கனம்?" என்றார்.

எழுத்து சரி என்று இருவருக்கும் தெரியும். போய்ப் பார்ப்பது வெறும் சடங்கு என்றுதான் நானும் நினைத்தேன். இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிட்டால் பட்டியலில் அந்த ஒரு "நேரில்" ஆவது உண்மையாகிவிடும் என்று ஓர் அற்ப ஆசை வந்தது. மறுநாள் ரயிலில் புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் நாகலாபுரம், பிறகு அவருடைய மாட்டுவண்டி. சித்திரை வெயில். பாறை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு என் முன்னால் குந்தினார்.

"ஏறு சார்."

ஏறினேன். பத்தடி போனதும் காலிபர் இரும்பு அவர் தொடையில் இடித்தது. இறங்கி அதைக் கழற்றி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறினேன். என் சூம்பிய கால் அவர் இடுப்பருகே துணிக்குள் ஆடிக்கொண்டு வந்தது. எதிரே சுள்ளிக்கட்டோடு இறங்கிய இரண்டு பெண்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். உயிர் போகிற மாதிரி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கன்னியப்பனுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறினார்.

"இந்தக் கல்லு இந்த மட்டும் பேரு எடுக்கும்னு எங்க நைனாவுக்கு தெரியாம போச்சு" என்றார்.

"ஏன்ணா?"

"அவருதானே வண்டியில ஏத்திகினு வந்தாரு? மதகு இடிஞ்சி போச்சுன்னு கீழூருக்காரங்க எல்லாம் சேர்ந்து கட்டினாங்க. நல்ல நீட்டுக் கல்லு வேணும்னு தேடிகினு இருந்தாங்களாம். வடக்கால நாலு மைலுல ஒரு பாழுங்கோயிலு இருந்துச்சு, அது பக்கத்துலயும் ஒரு ஏரி, இப்ப தூந்து போச்சு. அங்கேர்ந்து கொண்டாந்து, பாறை மேல ஆளுங்க சேர்ந்து இழுத்தாங்க. வர்ற வழியில அச்சு முறிஞ்சி ரெண்டு நாளு ரோட்டுலயே கெடந்தாராம். எங்க ஆத்தா இன்னும் சொல்லிச் சொல்லித் திட்டும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவர் தோளைப் பிடித்திருந்த கையை இறுக்கினேன் போலிருக்கிறது. "பயப்படாத சார், வுடமாட்டேன்" என்றார்.

மதகருகே இறக்கிவிட்டார். ஏரி வற்றிக் கிடந்ததால் கல் முழுதாகத் தெரிந்தது. உட்கார்ந்து நகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னதற்குமேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை, இருந்தும் அத்தனையும் அங்கே இருந்தது. எழுத்துகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மதகின் அகலத்துக்கு ஏற்ப ஒரு முனையைத் தட்டி உடைத்திருந்தார்கள். ஏரியின் பெயர் போனது அந்த உடைப்பில்தான். சுற்றிப் பூசிய சுண்ணாம்பு பழையதே இல்லை. மைப்படியில் எழுத்து வந்திருந்தது, இது எதுவும் வரவில்லை. தாளைச் சுவரில் நேராக ஒட்டிவைத்துப் படிக்கிறவனுக்குக் கல் எப்படிக் கிடந்தது என்று எப்படித் தெரியும்? என் நண்பனையும் குறை சொல்லமாட்டேன். அவன் தாள் காய்வதற்குள் இறங்கவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தவன். கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியது என் வேலை. கீழூரில் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கல் சொன்ன ஏரி இது இல்லை. கல் சொன்ன வயல்களும் கீழூர் வயல்கள் இல்லை.

கன்னியப்பன் கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு எழுத்து கல்லில் இருக்கிறது, கல் ஏரியில் இருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன். கீழே போய்க் கையெழுத்துப் போட்டால் ஓர் ஊருக்கு நல்லது, என் மூன்றாம் அதிகாரமும் பிழைக்கும். இப்போது "நேரில்" என்பதும் பொய்யில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கால் மணி நேரம் கல்லைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். மூடிக்கொள்ளத்தான் முடிவு செய்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இறங்கும்போது அந்த முடிவு நிற்கவில்லை. ஏறுவதைவிட இறங்குவது கடினம். ஒவ்வொரு பாறையிலும் காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர் எடையை மாற்றினார். மூச்சு வாங்கியது, பிடரியில் வியர்வை வழிந்தது. இவ்வளவு கவனமாகச் சுமந்து போகிறவரின் முதுகில் உட்கார்ந்துகொண்டு அவரிடமே ஒன்றை மறைப்பது எனக்கு ஆகவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவும் இல்லை. அவர் காதுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

"அண்ணா, அந்தக் கல்லு இந்த ஏரியப் பத்தி எழுதினது இல்ல. உங்க நைனா எங்கேர்ந்து கொண்டாந்தாரோ, அந்த ஏரியப் பத்தினது. நான் தப்பா எழுதிட்டேன்."

நின்றார். பாறை நடுவில், ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக. என்னை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். ஒருமுறை என்னை மேலே உந்திப் பிடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்போ கையெழுத்து?"

"அந்தப் பேப்பருல போட முடியாதுண்ணா."

அடிவாரத்தில் என்னை வண்டியில் உட்காரவைத்து, காலிபரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ வராம அங்கியே போட்டுக் குடுத்திருந்தா எங்களுக்கு நல்லதா போயிருக்கும்."

"ஆமாண்ணா" என்றேன். அவர் சொன்னது உண்மை. என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு அமைதியாக அறைந்ததில்லை.

ஆனாலும் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனார். கேழ்வரகுக் களியும் கீரையும் வந்தன. எனக்கு இறங்கவில்லை. "கோவம் உன் மேல. சோத்து மேல என்னா? துன்னு" என்றார். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர், கை கழுவியதும் கேட்டார்.

"எங்க நைனா கல்லு கொண்டாந்தது நெசம்தானே?"

"நெசம்தான். பார்த்தாலே தெரியுது."

"அதை எழுது. கீழூருக்காரன் வண்டி கட்டிகினு போயி கல்லு கொண்டாந்து மதகு கட்டினான்னு எழுது. தண்ணி அவனுது இல்லன்னா எதுக்கு அச்சு முறிச்சிக்கப் போறான்?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எழுநூறு ஆண்டு பழசாக இல்லாத எதையும் சான்று என்று நினைக்கக்கூட எனக்குப் பழக்கமில்லாமல் போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான் பார்த்தவை இவை: கல் கிடக்கும் விதம், உடைத்த முனை, சுண்ணாம்பு. கன்னியப்பன் சொன்னவை இவை. எழுத்து வேறோர் ஏரியைப் பற்றியது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். விசாரணை அதிகாரி அதை நின்றபடியே படித்து, தேதி போட்டு, கோப்பில் வைத்துக்கொண்டார். கடைசியில் எல்லை வேறு எங்கோ போயிற்று. மேலூரும் கீழூரும் ஒரே பக்கம் விழுந்தன. அந்தத் தாள் யாருக்கும் தேவைப்படவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அது தெரியாது, தெரியாமல்தான் எழுதினோம்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "இன்கா என்னி உன்னாயி?" என்று மட்டும் கேட்டார். இன்னும் எத்தனை இருக்கின்றன? இன்னும் நான்கு என்றேன். மேசைமேல் இருந்த ஆய்வேட்டுக் கட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "வெள்ளி சூசி ரா" என்றார். போய்ப் பார்த்துவிட்டு வா. அந்தப் போய்ப் பார்த்து வருவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. ஏர்பேட்டு நண்பன், அன்றைக்கே என் முதுகில் ஏறியிருந்தால் இந்த வம்பு உண்டா என்று திட்டிக்கொண்டே இரண்டு இடங்களுக்குச் சுமந்தான். மற்ற இரண்டுக்கும் கூலிக்கு ஆள் வைத்து நாற்காலியில் கட்டித் தூக்கிப் போனோம். மூன்று கற்களில் என் வாசகம் சரியாக இருந்தது. நான்காவதில் பக்கவாட்டில் இன்னும் மூன்று வரி இருந்தது, மைப்படியில் முன்பக்கம் மட்டும்தான் வந்திருந்தது.

உங்கள் படிவத்திலும் அந்தப் பத்தி இன்னும் இருக்கிறது, பார்த்தேன். உங்களில் சக்கர நாற்காலியில் வந்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், மற்றவர்களும் கேட்கலாம். சாய்தளம் கேள் அம்மா, சண்டை போட்டுக் கேள். கிடைக்காத இடத்தில், விருப்பமிருந்தால் யாரையாவது தூக்கச் சொல். விருப்பமில்லை என்றால் "போக முடியவில்லை" என்று பட்டியலில் எழுது. அது அந்த இடத்தின் குறை. போனேன் என்று மட்டும் எழுதிவிடாதே. அதன்பிறகு அந்தக் குறை உன்னுடையது ஆகிவிடும்.

மூன்றாம் அதிகாரத்தை முதலிலிருந்து எழுதினேன், ஏரிகளைப் பழுதுபார்த்தவர்களையும் இடம் மாறிய கற்களையும் பற்றி. பட்டம் கிடைத்த அடுத்த ஆண்டு கன்னியப்பன் திருப்பதி மலைக்கு வேண்டுதலுக்காக வந்தவர், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்கு வந்துவிட்டார். என் பேரு புஸ்தகத்துல இருக்குதாமே, காட்டு என்றார். ஆய்வேட்டைப் பிரித்து, பக்கத்தின் அடியில் இருந்த குறிப்பில் விரலை வைத்தேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் என் விரல் இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க நைனா பேரு?"

"அதுவும் இருக்குதுண்ணா, இதோ, முனுசாமின்னு."

"எல்லாத்துக்கும் கீழ போட்டுக்கிறியே" என்றார்.

அடிக்குறிப்பு என்றால் என்ன, மேலே உள்ளதற்கு ஆதாரம் கீழேதான் வரும் என்றெல்லாம் சொல்லிப்பார்த்தேன். அவர் தலையாட்டினார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "கொஞ்சம் மேல ஏத்த முடியாதா?" என்று கேட்டார். தட்டச்சு ஆகிவிட்டது, இனி முடியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து அது புத்தகமாக அச்சானது. அப்போது கன்னியப்பன் உயிரோடுதான் இருந்தார். அடிக்குறிப்பை எடுத்துவிட்டு மூன்றாம் அதிகாரத்தின் முதல் வரியாகப் போட்டேன். இது ஆராய்ச்சி நூலுக்குப் பொருந்தாது என்று பதிப்பகத்தார் இரண்டு தடவை அடித்தார்கள், இரண்டு தடவையும் திரும்ப எழுதி அனுப்பினேன். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது: "கீழூர் முனுசாமி இந்தக் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், அவர் மகன் கன்னியப்பன் இதைக் காட்டுவதற்காக என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு போனார்."